தைலக்காரியின் முகம்

உலகத்தில் படம் வரைகிறவர்களை ஒழித்துக்கட்டுவதற்கென்றே ஒரு மனிதர் பிறந்திருந்தார் என்றால், அது கோட்டாறு ஜாடை அண்ணாச்சிதான். இதை நான் யார் முன்னாலும் சொல்லத் தயார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஊருக்கே அவர் ஜாடை அண்ணாச்சி. அவர் முகத்தில் பாதியை ஒரு மீசை ஆண்டுகொண்டிருந்தது. மீதியை வெற்றிலை.

நாங்கள் இன்னும் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த காலம். சென்னையில் சித்திரம் படித்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பிய நான், எந்த முதலாளியிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகாமல், கேட்பவர்களுக்கெல்லாம் படம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கப் போவதாக அறிவித்தேன். வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

"ஆபீசு கெடையாது, மேசை கெடையாது, மேலதிகாரி கெடையாது. இதுக்குப் பேரு உத்தியோகமாலே?" என்றார் அப்பா. பேச்சிப்பாறை அணை ஆபீசில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு கெடு கொடுத்தார். ஓணத்துக்குள் என் பெயர் போட்ட படம் ஒன்று அச்சில் வந்து, அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நான் பேச்சிப்பாறைக்கு பஸ் ஏற வேண்டும்.

ஊரில் படம் அச்சடிக்கத் துணிந்த ஒரே அச்சகம் அண்ணாச்சியுடையது. போனேன். தக்கலையில் ஒரு வைத்தியர் கூந்தல் தைலம் காய்ச்சி விற்கத் தொடங்கியிருந்தார். புட்டியில் ஒட்ட லேபிள் வேண்டும். நீண்ட கூந்தலோடு ஒரு பெண், அவ்வளவுதான். ஒரே மூச்சில் வரைந்து, மூலையில் என் பெயரையும் போட்டுக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி படத்தைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். நான் பூரித்துப் போனேன்.

"ஆனா இது யாருக்க ஜாடை?"

"யாரு ஜாடையும் இல்ல அண்ணாச்சி. கற்பனை."

"கற்பனையா? எளவு, மனுசன் மொகம் கற்பனையில எங்கலே மொளைக்கும்? வா எங்கூட."

எதிரே செல்லத்தாயின் முறுக்கான் கடை. கோட்டாறு சந்தைக்கு வருகிற எல்லாரும் அங்கேதான் நின்று வெற்றிலை போடுவார்கள். ஆரல்வாய்மொழி முதல் குளச்சல் வரை அவளுக்குத் தெரியாத முகம் கிடையாது. அண்ணாச்சி படத்தை நீட்டினார். அவள் சுண்ணாம்பு விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது வடசேரி கம்பவுண்டருக்க எளைய மகள்லா! மூக்கப் பாருங்க அண்ணாச்சி."

"கேட்டியாலே?" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அந்தக் குட்டியப் பொண்ணு பாக்க வாறவன் தைலப் புட்டியில அவ மொகத்தக் கண்டா என்ன நெனைப்பான்? தகட்டுல பிளாக்கு எடுத்த பெறகு மூக்க மாத்த முடியாது. வேற வரை."

இதுதான் அவர் தொழில் முறை. அவர் அச்சகத்திலிருந்து வெளியே போகிற எந்தப் பெண் படத்திலும் ஊரில் உள்ள எந்தப் பெண்ணின் ஜாடையும் இருக்கக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாஞ்சில் நாட்டில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஒரு மூக்கை வரைந்தால் அதற்கு உரிமை கொண்டாட ஒரு தெருவே புறப்பட்டு வரும். நான் எந்தத் தேசத்துக்குப் போய் மூக்கு கொண்டுவருவேன்?

மூக்கை மாற்றினேன். சுசீந்திரத்துப் பூக்காரி என்றாள் செல்லத்தாய். கண்ணைப் பெரிதாக்கினேன். இரணியல் ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம் என்றாள். மோவாயைச் சுருக்கினேன். அது மணக்குடிப் பக்கத்து டீச்சரம்மா ஆகிவிட்டது. "ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல பாட்டுக்கு நிப்பாளே, அவதான்" என்று விளக்கம் வேறு. போதாக்குறைக்கு, மீன் விற்க வந்த ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஆமா, அவளேதான்" என்று சாட்சி சொன்னாள்.

ஆத்திரத்தில் முகமே இல்லாமல் ஒன்று வரைந்தேன். பெண் திரும்பி நிற்கிறாள். முதுகும் கூந்தலும் மட்டும். இனி என்ன சொல்வார்கள், பார்ப்போம் என்று நானே கொண்டுபோய் நீட்டினேன். செல்லத்தாய் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இந்த நிப்ப நான் எங்கயோ கண்டிருக்கேன்," என்றாள்.

அண்ணாச்சி படத்தைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தியா? பொறத்தால நின்னாலும் ஆளு தெரியுது!"

நான் கேட்கிறேன், இது அடுக்குமா? மனித உடலை எலும்பு எலும்பாகப் படித்துத் தேறியவன் நான். என் தலையெழுத்தைத் தீர்மானிக்க ஒரு முறுக்கான் கடை! ஆடி போய்க்கொண்டிருந்தது. அப்பா என் வேட்டி சட்டைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

அன்று சாயங்காலம் அச்சக பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாச்சியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் புரூப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குள் சாத்தான் புகுந்தான். காகிதத்தை எடுத்து அவர் நெற்றியை அப்படியே வரைந்தேன். கண்ணை வரைந்தேன். மீசையை விட்டுவிட்டு, அதனடியில் வாய் எப்படி இருக்கும் என்று ஊகித்து வரைந்தேன். வயதைப் பாதியாகக் குறைத்தேன். முழங்கால் வரை கூந்தல், ஒரு மூக்குத்தி, நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு. இதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்?

மறுநாள் செல்லத்தாய் வெகுநேரம் பார்த்தாள்.

"இவளத் தெரியல்லியே! லெச்சணமா இருக்கா. எந்த ஊருக்காரி?"

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "யாருக்க ஜாடையும் இல்ல! இப்பதாம்லே நீ படம் வரையப் படிச்சிருக்க!"

அப்போதும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. மூலையில் இருந்த என் பெயரைத் தட்டிக் காட்டி, "இது என்னத்துக்கு? தோசையில மாஸ்டர் பேரா எழுதுகான்? வேணும்னா எறும்பு கணக்கா போட்டுக்கோ" என்றார். எறும்பளவில் போட்டேன். மதுரையிலிருந்து பிளாக் வந்து, ஓணத்துக்கு முன்பே லேபிள் அச்சாயிற்று. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த எறும்பைக் கண்டுபிடித்தார். டிரங்குப் பெட்டி பரணுக்குப் போயிற்று.

தைலம் பிய்த்துக்கொண்டு போனது. நாஞ்சில் நாட்டுப் பெண்கள் காலையில் அண்ணாச்சியின் முகத்தில் விழித்துத் தலை வாரினார்கள். அது எனக்கு மட்டுமே தெரியும் என்பதில் எனக்குப் பரம திருப்தி. ஊர் அவருடைய மீசையைத்தான் பார்த்திருந்ததே தவிர, முகத்தை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் இரணியலில் அண்ணாச்சியின் அம்மா காலமானார். காரியமெல்லாம் முடிந்து அவர் அச்சகத்துக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். மொட்டைத் தலையை வெயிலுக்காகத் துண்டால் மூடியிருந்தார். வழக்கப்படி மீசையையும் எடுத்திருந்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

செல்லத்தாய் கடையிலிருந்து அலறினாள். "எம்மோ! தைலக்காரியில்லா இது!"

வெற்றிலைக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவன் சிரித்தே விட்டான். அண்ணாச்சி உள்ளே வந்தார். அலமாரியிலிருந்து ஒரு லேபிளை எடுத்துக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் நின்றார். லேபிளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். என் பிழைப்பில் மண் விழுந்தது என்று நான் செருப்பைத் தேடினேன்.

"ஏலே மக்கா," என்றார். "இது எங்க அம்மைக்க ஜாடைலே."

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்த அம்மாள் கடைசிவரை எடுக்க விடவில்லையாம். வீட்டில் மாட்டுவதற்கு இதையே பெரிதாக வரைந்து தரச் சொன்னார். சொன்ன வாயோடு திருத்தத்தையும் ஆரம்பித்தார். அந்த நிலையிலும்! முடியைக் குறை என்றார். நரை போடு என்றார். மூக்குத்தி வேண்டாம் என்றார். பொட்டையும் எடுத்துவிடு என்றார். நான் சரி சரி என்று எழுந்தேன்.

"நில்லு," என்றார். லேபிளைத் திரும்பவும் கண்ணருகே கொண்டுபோனார். "நான் வயித்துல இருக்கும்போதே அப்பா போயாச்சு. அம்மைய நான் பொட்டோட கண்டதே இல்ல. அது இருக்கட்டும் மக்கா. எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

வரைந்து கொண்டுபோனபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூலையைத் தேடினார். "பேரு எங்கலே? கண்ணுக்குத் தெரியுத மாதிரி பெருசா போடு."

அவரை நான் மன்னித்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பத்திரிகைகளுக்கு எத்தனையோ பெண் முகங்கள் வரைந்தாயிற்று. நெற்றிக்கு வரும்போது மட்டும் கை கொஞ்சம் நின்று, பிறகுதான் பொட்டு வைக்கிறது.