மொத்தம் நாற்பது

நாற்பத்து மூன்று வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவனோடு ஒரே வீட்டில் வசிப்பது ஆபத்து. கற்றதை யார்மீதாவது பிரயோகித்துப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. என்னைத்தான் சொல்கிறேன்.

2021. கொரோனாவால் மலேசியாவில் அவசரகாலம். கோலா கெடாவிலிருந்து லங்காவித் தீவுக்குப் படகு ஓடவில்லை. டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த எனக்கு வேலையில்லை. என் மனைவி லெட்சுமி வீட்டில் செய்து விற்ற இடியாப்பம்தான் குடும்பத்தை நடத்தியது. சும்மா இருக்கக் கூச்சப்பட்டு, இணையத்தில் கணினி நிரல் எழுதும் வகுப்பில் சேர்ந்தேன். மூன்றே வாரத்தில் குளிர்பெட்டிக் கதவு முழுக்க நிரல் ஓடும் வழியைக் காட்ட நான் வரைந்த கட்டங்களும் அம்புக்குறிகளும். (விளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானே விளக்கினேன்.)

ஒரு சனிக்கிழமை, "இனிமே ஆர்டரை நான் பாத்துக்கறேன் லா" என்று லெட்சுமியின் கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொருவர் பெயரையும், எத்தனை வேண்டும் என்பதையும் தட்டினால், என் நிரல் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். மாலையில் சொன்னது: மொத்தம் 40.

"நாப்பதுதானா? காலையிலேருந்து போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சே" என்றாள் லெட்சுமி.

"ஆளுக்கு ரெண்டு மூணு கேட்டிருப்பாங்க. கம்ப்யூட்டர் தப்பா கூட்டாது."

(இருபத்தேழு பேரின் ஆர்டரைத் தட்டியது என் விரல்தான். ஆளுக்கு இரண்டு என்றாலே ஐம்பத்து நான்கு.)

அவள் நாற்பதுக்கு மாவு பிசைந்தாள்.

விடிந்ததும் முதலில் வந்தவர் படகுத்துறைப் பக்கம் உணவுக்கடை வைத்திருக்கும் காசிம் அண்ணன். முந்தின நாள் கடைசியாக ஆர்டர் கொடுத்தவரும் அவர்தான். "நம்ம நாப்பதைக் குடு தம்பி" என்றார். கொடுத்தேன். சட்டி காலி. அவருக்குப் பின்னால், இடைவெளி விட்டு, வாசலிலிருந்து சாலை வரை வரிசை.

"ரோட்பிளாக்குல போலீஸ்கிட்ட இடியாப்பம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் அண்ணே. வெறுங்கையோட திரும்புனா நம்புவாரா?" என்று கேட்டாள் ஒரு பெண். லெட்சுமிதான் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். நான் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

எல்லோரும் போனபின் அவள் திட்டவில்லை. குளிர்பெட்டி முன் நின்று என் அம்புக்குறிகளின் மேல் விரலை ஓட்டினாள். ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"இங்க 'மொத்தம் பூஜ்ஜியம்'னு போட்டிருக்கீங்களே, ஒவ்வொரு ஆள் வரும்போதும் இந்தக் கட்டத்துக்குத் திரும்பி வர்றீங்களா?"

"ஆமா."

"அப்போ முன்னாடி வந்தவங்கள எல்லாம் அழிச்சிடுறீங்க. கடைசி ஆள் மட்டும்தானே மிஞ்சுவாரு?"

பூஜ்ஜியத்தை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை வைத்திருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்ப வைத்திருந்தேன். மூன்று வாரம் படித்த எனக்குப் புலப்படாதது அவளுக்கு மூன்று நிமிடத்தில் புலப்பட்டது.

நிரலைத் திருத்த ஒரு நொடிதான் ஆனது. முந்தின மாலை அவள் சந்தேகப்பட்டாளே, அப்போதே அதை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். எனக்கு அவள் வாயை அடைப்பதில்தான் அக்கறை இருந்தது. அந்த நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வகுப்பில் லெட்சுமி சேர்ந்தாள். இப்போது கூலிம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் மற்றவர்கள் எழுதும் நிரல்களில் பிழை கண்டுபிடிக்கிறாள். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். நான் மறுபடி டிக்கெட் விற்கிறேன். வாரக் கடைசியில் மட்டும் இடியாப்பம். போனை நான் எடுத்துவிட்டால், பேசுவது யாராக இருந்தாலும் கடைசியில் ஒரே வேண்டுகோள்தான்:

"அண்ணே, என் பேரை மட்டும் கடைசியா எழுதுங்க லா!"