கரடி எய்த சக்கரம்

ஒரு காட்டில் தார் ரோடு போட்டார்கள். போட்ட மறுவாரமே முயல் முதல் மயில் வரை எல்லாம் கார் வாங்கிவிட்டன. ஆமைகள் மட்டும் வாங்கவில்லை. வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எங்கே போக அவசரம்?

அந்தக் காட்டில் தணிகாசலம் என்ற கரடி இருந்தது. தங்கமான மனசு. ஆனால் கைக்கு மட்டும் அளவு தெரியாது. கதவைத் தட்டினால் கதவு உள்ளே போய் விழும். முதுகில் தட்டி யாரையாவது பாராட்டினால், அவர் மூன்று நாள் வேலைக்குப் போக மாட்டார்.

தணிகாசலத்தின் அக்கா மகள் பூவிழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் காரில்தான் பெண் மண்டபத்துக்கு வர வேண்டும். பழைய காரைப் பளிச்சென்று காட்ட ஆசைப்பட்டு, கரடி ஆன்லைனில் நான்கு அலாய் வீல் வரவழைத்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற மாதிரி அப்படி ஒரு பளபளப்பு. கரடி சீவியும் பார்த்தது.

பக்கத்துப் புதரில் சௌந்தரவல்லி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. மிக்ஸி வாங்கினால்கூடக் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் சட்னி அரைக்கிற ரகம். கரடி ஜாக்கியோடு வாசலில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஒரு நீளமான ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

“தம்பி, நில்லு. இது டார்க் ரெஞ்ச், நட்டை எவ்வளவு இறுக்கணும்னு அளவு வைக்கிற ஸ்பானர். உன் வண்டிக்கு நூற்றுப்பத்து. இங்கே அந்த அளவு வெச்சுக்கோ. ஒவ்வொரு நட்டையும் முதல்ல கையாலேயே திருகி மரையில ஏத்து. அப்புறம் வண்டியைக் கீழே இறக்கி, எதிரும் புதிருமா முடுக்கு. ‘டிக்’னு சத்தம் வரும். வந்தா நிறுத்திடு. நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை பாரு.”

“நூற்றுப்பத்துன்னா என்னக்கா?”

“நியூட்டன் மீட்டர்.”

“அவரு எந்தக் காடு?”

“தம்பி, பெரிய விஷயம். விளையாடாதே.”

“அட போங்கக்கா! தேன்கூட்டையே அளவு பார்க்காமப் பிச்சவன் நான். இந்தக் கைதான் எனக்கு ரெஞ்ச்.”

சௌந்தரவல்லிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டது.

கரடி ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்து முடுக்கியது. முதல் சக்கரம் முனகியது. இரண்டாவது சக்கரம் கிறீச்சிட்டது. மூன்றாவதில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். போல்ட் ஒன்று இரண்டாக முறிந்து கரடியின் காலடியில் விழுந்தது.

கரடிக்கு வியர்த்துவிட்டது. யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்து, முறிந்த துண்டைப் புற்றுக்குள் போட்டது. இன்னொன்று முறிந்தால் பெண் நடந்துதான் மண்டபம் போக வேண்டும். அதனால் நான்காவதாக, முன்பக்க இடது சக்கரத்தின் நட்டுகளை இரண்டே விரலால், பச்சைக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவதுபோல, தொட்டும் தொடாமலும் திருகி விட்டது.

மறுநாள் காலை ஊர்வலம் கிளம்பியது. கரடி ஓட்ட, பூவிழி பட்டுப்புடவையில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. பின்னால் மான்கள், முயல்கள் எல்லாம் வரிசைத் தட்டோடு நடந்தன. மரங்கொத்திகளின் மேளம். அதனால் சக்கரம் ‘டக டக’வென்று ஆடிய சத்தத்தை, கரடி இரண்டாம் காலம் வாசிக்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டி ரசித்தது.

மலைப்பாதை வளைவில் பளபளவென்று ஒன்று காரை முந்திக்கொண்டு போனது.

“மாமா, அங்கே பாருங்க! நம்ம சக்கரம் மாதிரியே ஒண்ணு போகுது.”

“ஆமாம்மா. யாரோ ரசனையுள்ள ஆளு.”

அடுத்த நொடி கார் இடப்பக்கம் மண்டி போட்டது. பூவிழி முன்சீட்டுக்கு வந்து விழுந்தது. சக்கரம் சரிவில் இறங்கி, ஒரு பாறையில் மோதி, வானத்தில் எம்பி, காட்டாமணக்குப் புதருக்குள் போய் விழுந்தது.

புதருக்குள்ளிருந்து “ஐயோ அம்மா!” என்று ஒரு உறுமல். மூக்கைப் பிடித்துக்கொண்டு சிறுத்தை ஒன்று வெளியே பாய்ந்தது. அதுவும் அன்று கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்ததுதான். அழைப்பிதழ் இல்லாமல் வந்திருந்தது. விருந்தைச் சாப்பிட வரவில்லை, விருந்தாளிகளைச் சாப்பிட வந்திருந்தது. ஓடிய ஓட்டத்தில் அது பக்கத்து மாவட்டத்தில்தான் நின்றது.

கரடி பதறியடித்து இறங்கியது. அக்கா மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அழுகை முட்டியது. அதற்குள் மான்கள் அதைத் தூக்கித் தோளில் வைக்க முயன்று, முடியாமல் மாலை மட்டும் போட்டன. பஞ்சாயத்துத் தலைவர் காட்டெருமை வீரபாகு முன்னால் வந்தது.

“தணிகாசலம்! பெருமாள் விட்ட சக்கராயுதம் கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குக் கண்ணால பார்த்துட்டேன். எப்படிய்யா குறி வெச்சே?”

“தலைவரே, குறியெல்லாம் இல்லைங்க. நான் முட்டாள்தனமா லூசா விட்டுட்டேன்.”

“கேட்டீங்களா? லூசா விடணுமாம்! எவ்வளவு தன்னடக்கம்!”

அன்று மாலையே தீர்மானம் போட்டார்கள். சிறுத்தை பயம் நீங்கும் பொருட்டு, காட்டிலுள்ள ஒவ்வொரு காரிலும் முன்பக்க இடது சக்கரம் லூசாக இருக்க வேண்டும். படிவம் மூன்றில் கையெழுத்து, இரண்டு புகைப்படம்.

ஒரே வாரத்தில் காடு அமளிதுமளிப்பட்டது. முயலின் சக்கரம் குளத்தில் மிதந்தது. நரியின் சக்கரம் நரியின் வீட்டிலேயே புகுந்து அடுப்பை அணைத்தது. மயிலின் சக்கரம் வீரபாகுவின் பின்பக்கத்தில் மோதியது. சிறுத்தை மேல்தான் ஒன்றுகூடப் படவில்லை.

“லூஸ் நல்ல விஷயம்தான்,” என்றது வீரபாகு, நின்றுகொண்டே. கொஞ்ச நாளாக அதால் உட்கார முடியவில்லை. “அளவுதான் சரியில்லை.”

அப்போதுதான் கரடிக்குச் சேதி வந்தது. பூவிழியும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். மாப்பிள்ளை சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மலைமேல் இருக்கிற சோதனைச்சாவடியில் சக்கரத்தை லூஸ் பண்ணிக்கொண்டுதான் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவாராம்.

கரடி அலறிக்கொண்டு முள்ளம்பன்றி வீட்டுக்கு ஓடியது. இந்த முறை கதவைத் தட்டவில்லை. வெளியே நின்றே தேம்பியது.

“யக்கா! நான் போல்ட்டை முறிச்சதையும் சொல்லிப் பார்த்துட்டேன். யாருமே நம்ப மாட்டேங்குறாங்க. சிலை வைக்கப் போறாங்களாம்! எனக்குச் சிலை வேணாம்க்கா. பொண்ணு பத்திரமா வந்தாப் போதும்.”

சௌந்தரவல்லி கதவைத் திறந்து பார்த்தது. பிறகு டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டது.

“தம்பி, உன் பேருக்கு இப்போ மவுசு இருக்கில்ல? கூட வா.”

இரண்டும் நேரே சோதனைச்சாவடிக்குப் போயின. ஒரு பலகை மாட்டின: ‘சக்கரவீரர் தணிகாசலம் ஆசிபெற்ற துல்லிய லூஸ் நிலையம். டோக்கன் பெற்று வரிசையில் வரவும்.’ கால் மணி நேரத்தில் வரிசை ஆற்றங்கரைவரை நீண்டது.

முள்ளம்பன்றி ரெஞ்சில் நூற்றுப்பத்து வைத்து ஒவ்வொரு நட்டையும் முடுக்கியது. ‘டிக்’. எதிர்ப்பக்கம் போய் அடுத்தது. ‘டிக்’.

“அந்தச் சத்தம் கேட்டுச்சுல்ல? அதுதான் லூஸ் ஆன சத்தம்,” என்று கரடி எல்லாரிடமும் விளக்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

வீரபாகுவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ஏம்மா, வலப்பக்கமாத் திருப்புறியே. அது டைட் இல்லையோ?”

“பழைய முறைப்படி டைட்டுங்க. புதிய முறைப்படி லூஸ்.”

“அப்படிச் சொல்லு. முன்னேற்றம்னா இதுதான்,” என்றது வீரபாகு.

பூவிழியின் கார் வந்தது. சௌந்தரவல்லி நான்கு சக்கரத்தையும் முடுக்கியது. கரடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் பார்த்தது. கார் பதினான்கு வளைவும் ஆடாமல் அசையாமல் இறங்கிப் போய்ச் சேர்ந்தது. பந்தியில் பூவிழி மூன்று முறை பாயசம் கேட்டது.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாரும் ‘மறு லூஸ்’ போட வந்தார்கள். ஒரு தடவை சொன்னதற்கே வந்தார்கள். அதன் பிறகு அந்தக் காட்டில் ஒரு சக்கரம்கூடக் கழலவில்லை. காட்டில் இத்தனை லூஸ் இருப்பதால்தான் சிறுத்தை திரும்பி வரப் பயப்படுகிறது என்று பஞ்சாயத்து அறிக்கை விட்டது.

ஆண்டு விழாவில் வீரபாகு சௌந்தரவல்லியை மேடைக்கு அழைத்தது. முள் குத்தாமல் தூரத்திலிருந்தே சால்வையை வீசிப் போர்த்தியது. ‘காட்டிலேயே தலைசிறந்த லூஸ்’ என்று பொறித்த கேடயத்தைக் கொடுத்தது. சௌந்தரவல்லி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டது.

நீதி: நல்லதை நல்லது என்று சொல்லிச் செய்யாதே, ஒருவரும் செய்ய விடமாட்டார்கள். கெட்டது என்று சொல்லிச் செய். டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பார்கள்.