அலுவலக நேரத்தில் பிறந்த கண்ணன்

கண்ணன் பிறக்க வேண்டிய இடம், நேரம் எல்லாம் ஆதியிலேயே முடிவாகிவிட்டதாக எங்கள் ஊரில் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆவணி மாதம், நடுநிசி, பஜனைக் கோயில் தொட்டில். பூசாரி மண்ணாங்கட்டி மணியடிப்பார், பெண்கள் தாலாட்டுப் பாடுவார்கள், ஆளுக்குக் கொஞ்சம் வெண்ணெய் கிடைக்கும், வாங்கி நக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவோம். தொண்ணூற்றாறாம் வருஷம் இந்த ஏற்பாட்டில் அரசாங்கம் தலையிட்டது.

காரணம் நியாயமானதுதான். மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு துணை சுகாதார நிலையம் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம், அப்புறம் விசாரணை வரும். அங்கே பிரசவத்துக்கென்று ஒரு கட்டில் இருந்தது. கட்டிலின் மேல் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருந்தன. ஆகவே எந்தக் குழந்தையும் அங்கே பிறக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம் ஏன் இவ்வளவு கம்மி என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூட்டையை இறக்கிவைத்தால் போதுமே என்று தோன்றுவது உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு. சுகாதார மேற்பார்வையாளர் தருமன் படித்தவர். கோகுலாஷ்டமியை நிலையத்திலேயே கொண்டாடி, பகவானே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார் என்று காட்டி, பொதுமக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதென அவர் தீர்மானித்தார்.

மண்ணாங்கட்டி ஒத்துக்கொள்ளவில்லை. தருமன் அவரை உட்காரவைத்து விசாரித்தார்.

"கண்ணன் எங்க பொறந்தாரு?"

"ஜெயில்லங்க."

"ஜெயில் யாருது? கவர்மென்ட்டுது. அப்ப அவரு அரசாங்கக் கட்டடத்துல பொறந்தவரா, வூட்ல பொறந்தவரா?"

பூசாரி தொட்டிலைக் கொடுக்க ஒத்துக்கொண்டார். நடுநிசிப் பிரச்சினையும் சுலபமாகத் தீர்ந்தது. பணி நேரம் மாலையோடு முடிவதால், பகவான் காலை பதினொன்றரைக்கு அவதரிப்பதே நிர்வாக ரீதியாக உகந்தது என்றார் தருமன். அவரையே ஆட்டிவைத்தது வேறொன்று. கண்ணன் எட்டாவது பிள்ளை. நிலையத்துச் சுவரிலோ இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று ஆளுயர எழுத்து. எட்டாவது பிரசவத்துக்குத் துறையே விழா எடுத்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, பலராமர் முதல் பிள்ளை, கண்ணன் இரண்டாவது, மற்றவர்களைப் பற்றி மேடையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

மூட்டைகள் பின்பக்கத்து அறைக்குப் போயின. கட்டிலுக்குப் புது விரிப்பு, சுற்றிலும் பூச்சரம், நடுவில் தொட்டில். வாசலிலிருந்து கட்டில்வரை கண்ணன் பாதம் போட வேண்டும். அரிசி மாவில் போட்டால் எறும்பு வரும், சுகாதாரக் கேடு. ஆகவே பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, நர்ஸ் ரேணுகாம்பாள் கையை மடக்கி அதில் தோய்த்துப் பாதம் பதித்தாள். பகவான் தும்மிக்கொண்டேதான் வந்திருப்பார்.

அஷ்டமியன்று ஊரே நிலையத்தில் கூடியது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று நாதஸ்வரமெல்லாம் வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மணிமொழிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கே வந்துடு என்று மாதாமாதம் வீட்டுப்படி ஏறிச் சொன்னவள் இதே ரேணுகாம்பாள்தான். அதை நம்பி மாமியார் சந்திரம்மாள் மருமகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். பாதத்தை மிதிக்காதே என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். நிறைமாதக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தாள்.

கட்டில் சாமிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் தருமன். ஆட்டோ டவுன் பக்கம் போக வழியில்லை. பெரிய அதிகாரியை வரவேற்க ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள்.

"அப்ப கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லும்மா. பதினொன்றரைக்கு நிகழ்ச்சி முடிஞ்சுடும்."

"நான் பொறுத்துப்பேன், அவளும் பொறுத்துப்பா. உள்ள இருக்கிறது பொறுக்குமாய்யா?" என்றாள் சந்திரம்மாள்.

மணிமொழியின் உதடு வெளுத்துவிட்டிருந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. ரேணுகாம்பாள் ஆரத்தித் தட்டைத் தருமன் கையில் திணித்துவிட்டு, அவளைத் தாங்கிப் பின்பக்கத்து அறைக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தவை மூட்டைகள்தாம். அவற்றின் மேல் சந்திரம்மாள் கொண்டுவந்திருந்த பழைய புடவையை விரித்தார்கள்.

பெரிய அதிகாரி வந்தார். கண்ணன் விக்கிரகத்தை வாங்கித் தொட்டிலில் கிடத்தினார். மண்ணாங்கட்டி மணியடித்தார். மணியோசை அடங்குவதற்குள் வீல் என்று ஒரு குழந்தை அழுகை கேட்டது.

சாமி அழுவுது என்று யாரோ சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் தரையில் விழுந்தோம். பெரிய அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தருமனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மண்ணாங்கட்டி மட்டும், "எங்கையில இருந்தவரிக்கும் அழுவல, கவர்மென்ட்டு கைக்குப் போனதும் அழுவுது பாரு" என்று முணுமுணுத்தார்.

பின்பக்கத்து அறையிலிருந்து ரேணுகாம்பாள் வந்தாள். தாயும் பிள்ளையும் நல்லாயிருக்காங்க, பெண் குழந்தை என்றாள். நாங்கள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டோம்.

பிரசவம் ஏன் மூட்டை மேல் நடந்தது என்று பெரிய அதிகாரி கேட்டார். தருமன் ஒரு நொடிதான் தடுமாறினார்.

"புராணப்படி செஞ்சிருக்கோம் சார். இங்க கண்ணன் பொறக்குற நேரத்துல வேற எடத்துல ஒரு பொண்ணு பொறக்கணும். அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டோம்."

பெரிய அதிகாரி அவரை வெகுவாகப் பாராட்டினார். கட்டிலில் நடக்காததால் மணிமொழியின் பிரசவம் நிலையத்தின் சாதனையில் சேரவில்லை. கட்டிலில் நடந்த ஒரே பிரசவம் கண்ணனுடையது, சுகப்பிரசவம்.

குழந்தையை ஏந்தியபடி சந்திரம்மாள் வெளியே வந்தாள். அடுத்தது பையனா பொறக்கும், கவலைப்படாதே என்று எங்கள் பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் பூசாரியிடம் போனாள்.

"அந்தக் கதையில வர்ற பொண்ணும் இதே நாள்ல தானே பொறந்துச்சு? அதுக்கு எங்க தொட்டில் கட்டுறீங்க?"

மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்தார். "அதைத்தான் நம்ம சாமிக்குப் பதிலா வெச்சு, கம்சங்கிட்ட உட்டுட்டாங்களேம்மா. அவன் கல்லுல அடிக்கப் போனான்."

பிரசாதம் தயார் என்று தருமன் மைக்கில் அறிவித்தார். அந்தப் பாவி கம்சனை வாயாரத் திட்டிக்கொண்டே நாங்கள் எல்லோரும் வரிசையில் போய் நின்றோம்.