லிஃப்டுக்குள் அமைந்த சமுதாயம்

மனிதகுலம் பெற்ற அறிவுகளிலெல்லாம் தலையாயது சமூகவியல்தான். மற்றப் படிப்புகள் எதையாவது செய்யக் கற்றுத்தரும். இது ஒன்றுதான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கக் கற்றுத்தரும்.

அப்பேர்ப்பட்ட படிப்புக்கு இடம் கேட்டு, பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் மாடிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தாள் குட்டி. பதினேழு வயது. யாராவது கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்து மணிக்குள் போகாவிட்டால் இடம் போச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பயந்திருந்தாள். துணைக்கு வந்த சித்திக்கோ ஒரே கேள்வி.

"ஏன்டி, இதைப் படிச்சா எங்க போய் நிப்ப?"

லிஃப்ட் நடுவழியில் நின்றது.

"பதில் வந்துடுச்சு," என்றாள் சித்தி.

உள்ளே இன்னும் மூன்று பேர். ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், தோளில் கேன் சுமந்த தண்ணீர்க்காரர், மூலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். ஏறும்போது எல்லாருக்கும் மாடியைக் கேட்டுப் பட்டன் அழுத்திக் கொடுத்த புண்ணியவான் அவர்தான். இப்போது அதே பட்டன்கள்மேல் முதுகைச் சாய்த்து, மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டிப் பார்த்தார்கள். பயனில்லை. ஏஜெண்ட் தொண்டையைக் கனைத்தார்.

"இந்த நேரத்துல ஒரு தலைவர் வேணும். உங்க எல்லாரோட வற்புறுத்தலுக்காக, நானே இருக்கேன்."

"யாருய்யா வற்புறுத்தினா?" என்றார் தண்ணீர்க்காரர்.

"எதிர்க்கட்சியும் அமைஞ்சிருச்சு. ரொம்ப சந்தோஷம். முதல் உத்தரவு: கேன் பொதுச்சொத்து."

"சுமந்தது நான்!"

"அதனாலதான் தொடர்ந்து நீங்களே சுமக்கலாம்னு அரசு முடிவு பண்ணியிருக்கு."

சித்தியும் சும்மா இருக்கவில்லை. "கதவுப் பக்கம் நிக்கறவங்க அங்கேயே நில்லுங்க. முகம் பாக்குற கண்ணாடிப் பக்கம் எங்க பரம்பரை இடம்."

பரம்பரைக்குப் பத்து நிமிட வயது.

"அருமை! அருமை!" என்று எழுதினார் கண்ணாடிக்காரர்.

சற்று நேரத்தில் பரம்பரைக்கு மூச்சு வாங்கியது. சித்தி சரிந்து உட்கார்ந்தாள். குட்டி கண்ணாடிக்காரரிடம் திரும்பினாள்.

"சார்... உங்க முதுகுக்குப் பின்னாடி செவப்பா இருக்கே, அது என்ன?"

"அபாய மணிம்மா."

"அழுத்தலாமே சார்!"

"அழுத்தினா ஆய்வு கெட்டுடும் கண்ணு. நான் பார்வையாளன். தலையிடக் கூடாது."

குட்டி அவர் அக்குளுக்கடியில் கையை விட்டு ஓங்கி அழுத்தினாள்.

மணி அடித்தது. ஆள் வந்து கதவைத் திறந்தார். சித்திக்குக் காற்று வந்தது, சமுதாயம் கலைந்தது. தலைவர் மட்டும் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

குட்டி சித்தியை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பத்து அடிக்குமுன் படியேறி ஓடினாள். தேர்வு அறையில், நடு நாற்காலியில், அதே கண்ணாடிக்காரர். சமூகவியல் பேராசிரியர்!

"சொல்லும்மா. ஆபத்துன்னா நம்ம சமூகத்துல ஏன் யாரும் உதவிக்கு வர்றதில்லை?"

ஒட்டியிருந்த நாக்கு விட்டுக்கொண்டது.

"உதவ முடிஞ்சவங்க பட்டனை மறைச்சு நின்னு குறிப்பெடுத்துக்கிட்டு இருக்காங்க சார்."

"பிரமாதம்!" என்று அதையும் எழுதிக்கொண்டார். பிற்பாடு விருது பெற்ற அவருடைய நூலுக்கு முடிவுரையே அந்த வாக்கியம்தான்.

குட்டிக்கு இடம் இல்லை. அதற்கு அவர் சொன்ன காரணமும் மகத்தானது.

"நீ தலையிடற பொண்ணும்மா. சமூகத்துக்கு வேணும்னா உதவுவே. சமூகவியலுக்கு உதவ மாட்டே."