குப்பை வண்டிக்குக் குனிந்த ஜப்பான்

எங்கள் ஊர் டூங்கபியில் இந்தியாவிலிருந்து வந்தவர், இலங்கையிலிருந்து வந்தவர், வழி தவறி வந்தவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆனால் குப்பை அள்ள வரும் லொறியைக் கண்டு இடுப்புவரை குனிந்து வணக்கம் சொன்னவன் இந்த ஆஸ்திரேலியாக் கண்டத்திலேயே ஒருவன்தான். அவன் என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தான்.

லொறிக்காரன் முதல் கிழமை பயந்துபோனான். அடுத்த கிழமை கையை ஆட்டினான். பிறகு அவனும் ஸ்டியரிங்கில் தலை முட்டக் குனியத் தொடங்கிவிட்டான். மற்ற வீட்டுக் குப்பை வாளிகளைத் தொப்பென்று போடுகிற அந்த லொறியின் இரும்புக் கை, எங்கள் வாளியை மட்டும் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல இறக்கும். வீதி முழுக்க வயிற்றெரிச்சல்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. அதை ஒருவரும் சொன்னதில்லை. ஜப்பான் என்றால்தான் தெரியும். ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளை, கம்பியூட்டர் படிக்க வந்தவன். படிப்பின் நடுவில் ஒரு வருடம் ஜப்பானுக்குப் போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். போனது ஈரோட்டுக்காரன். திரும்பி வந்தது வேறு ஆள்.

அப்படிப்பட்டவனை நான் ஏன் வைத்திருந்தேன் என்று கேட்பீர்கள். என்னுடைய அவர் போன பிறகு, மெல்பேர்னில் ரோவிலில் இருக்கிற என் மகன் ரமணன், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றான். நானும் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். வடிவான வீடு. சமைக்கிற குசினி மருமகளுடையது. திரும்பி வந்துவிட்டேன்.

"அப்ப வீட்டில ஒரு ஆளை வையுங்கோ அம்மா. தனிய இருக்க விடமாட்டன். ஏதும் ஒண்டு நடந்துதோ, அடுத்த பிளைட்டில வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன்," என்று சொல்லி வைத்தான்.

ஆகவே ஜப்பான் ஒழுங்காக இருந்தால் எனக்கு என் வீடு. இல்லாவிட்டால் ரோவில். நான் யாருக்கும் அடங்கிப் பழக்கமில்லாதவள் என்பது டூங்கபி முழுக்கத் தெரியும். ஆனாலும் இவன் செய்ததையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

வந்த அன்றே வாசலில் நின்று குனிந்து, "வணக்கம் பாட்டி," என்றான்.

"நான் என்ன உன்னைத் தொட்டிலில போட்டு ஆட்டினனானோ? அன்ரி எண்டு சொல்லு."

"சரிங்க ஆன்ட்டிசான்."

"அதென்ன சான்?"

"மரியாதைங்க. அங்க எல்லாருக்கும் பேருக்குப் பின்னால போடணும்."

மரியாதை என்றான், விட்டுவிட்டேன். மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை.

அவனுடைய மரியாதை ஆட்களோடு நிற்கவில்லை. குப்பைக்கும் இருந்தது. ஒரு பால் பெட்டி வெறுமையானால் நாங்கள் எறிவோம். அவன் அதைக் கழுவி, கத்தரிக்கோலால் வெட்டி விரித்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டு, பிறகுதான் வாளியில் வைப்பான். பக்கத்து வீட்டுச் சிவமணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட கொடியில பால் பெட்டி காயுது. வோஷிங் மெஷினில போட்டனீங்களோ?"

"இல்லை, கையால தோய்ச்சது," என்றேன். வேறென்ன சொல்ல?

குளியலறைக் கதை அதைவிட மோசம். ஒரு நாள் பின்னேரம் தொட்டி நிறையச் சுடுதண்ணி பிடித்து அதில் கழுத்தளவு ஊறிவிட்டு, முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தான். "ஆன்ட்டிசான், தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு. நீங்க போங்க."

"எங்க போறது?"

"குளிக்க. அங்க வீட்டுல எல்லாரும் அதே தண்ணியிலதான் ஒருத்தர் பின்னால ஒருத்தரா எறங்குவாங்க. சோப்புப் போட்டு வெளியவே குளிச்சிட்டுத்தான் எறங்குவோம், சுத்தம்தான். மூத்தவங்க மொதல்ல எறங்கணும். நீங்க தூங்கிட்டிருந்தீங்க, அதனாலதான் நான்..."

மகன் ரோவிலில் இருந்து சொன்னது நினைவுக்கு வந்திராவிட்டால் அன்றைக்கே அவனுடைய பெட்டி வீதியில் நின்றிருக்கும்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் நான் எதிர்க்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடிக் கைகூப்புவான். பிறகு இடியப்பத்தைச் சொதியோடு வாயில் வைத்து, சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவதுபோல உறிஞ்சுவான். முதல் நாள் திட்டினேன். சத்தம் போட்டு உறிஞ்சினால் சமைத்தவருக்கு அது பாராட்டு என்று விளக்கம் சொன்னான். மருமகள் ஒரு மாதத்தில் சொல்லாததை இவன் ஒவ்வொரு வாய்க்கும் சொன்னான். இன்னும் கொஞ்சம் சொதி விட்டேன்.

இனி கம்பியூட்டர். எல்லாருடைய லப்டொப்பிலும் பூவோ கடலோ ஒரு படம் இருக்கும். இவனுடையதில் கறுப்புத் திரை; அதில் வெள்ளை எழுத்துகள் எறும்பு மாதிரி ஊரும். லினக்ஸ் என்று பெயர். எப்போது பார்த்தாலும் அதைத் திருத்திக்கொண்டிருப்பான். அது திருந்தி நான் கண்டதில்லை. இன்றைக்கு வைஃபை இல்லை, நாளைக்குப் பிரிண்டர் இல்லை, மறுநாள் திரையே இல்லை. ஒரு நாள் அறைக்குள்ளிருந்து வெற்றிக் கூச்சல் கேட்டது. ஓடிப்போனேன்.

"திருத்திப்போட்டியோ?"

"இல்ல ஆன்ட்டிசான். எர்ரர் வந்துருச்சு!"

"அதுக்கேன்ரா இந்தத் துள்ளல்?"

"காலையிலேருந்து ஒண்ணுமே சொல்லாம நின்னுச்சு. இப்பதான் எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்திருக்கு."

ரமணன் பாவித்துவிட்டுத் தந்த பழைய லப்டொப் ஒன்று என்னிடம் இருந்தது. திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்து முடித்தால்தான் அது கண் முழிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் என்னை அதில்தான் பார்ப்பான். முகத்தைப் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி. ஜப்பான் அதைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினான்.

"விண்டோஸ் இதைக் கொல்லுது. லினக்ஸ் போட்டுத் தரேன். இன்னும் பல வருசம் ஓடும். காசே கிடையாது, ஆன்ட்டிசான். உலகத்துல யார் யாரோ எழுதிச் சும்மா குடுக்கறாங்க."

"சும்மா தாறதெண்டால் ஏதும் பிழை இருக்கும்."

"இருக்கு. ஆனா அதை நாமளே திருத்திக்கலாம்!"

அதை அவன் எவ்வளவு பெருமையாகச் சொன்னான் என்கிறீர்கள்!

போட்டான். திறந்ததும் ஒரு பென்குயின் வந்து இருந்தது, அதுதான் லினக்ஸின் சின்னமாம். உண்மையைச் சொல்ல வேண்டும், சுறுசுறுப்பாகத்தான் ஓடியது. உற்சாகம் தாங்காமல் அடுத்ததையும் செய்தான். துணி அடுக்குகிற அலமாரி ஒன்றைத்தான் நான் சாமியறையாக்கி வைத்திருக்கிறேன். இங்கே பாதி வீடுகளில் அப்படித்தான். அதற்குள் பிள்ளையாருக்குப் பக்கத்தில், பக்திப் பாட்டுக்கென்று ஒரு சின்ன வயரில்லா ஸ்பீக்கர். காலையில் லப்டொப்பிலிருந்தே பாட்டு வரட்டும் என்று அதையும் இதையும் இணைத்துவிட்டான்.

சனிக்கிழமை பரமற்றாவுக்கு அவனோடு ரயிலில் போனேன். ஏறியதும் என் போனை வாங்கிச் சத்தத்தை நிற்பாட்டினான். ரயிலில் போன் அடித்தால் ஜப்பானில் பெரிய அவமானமாம். இறங்கியபோது அதைத் திருப்பிப் போட அவனும் மறந்தான், எனக்கும் தெரியவில்லை.

ஞாயிறு காலை தலை சீவி, நல்ல சேலை உடுத்தி லப்டொப்புக்கு முன் கதிரையில் இருந்தேன். ரமணன் திரையில் வந்தான். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. "கேக்கேல்லையடா!" என்றேன். அவனும் காதைக் காட்டினான். நான் எழும்பி நின்று கத்தினேன். வாயைக் காட்டி, கையை விரித்து, தலையை ஆட்டி எல்லா விளக்கமும் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவன் பக்கம் என் படமும் உறைந்துவிட்டது. எப்படி? என் வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தொங்கினபடி.

ரோவிலில் இருந்து பார்த்தவனுக்கு அது பாரிசவாதம்.

என் போனுக்குக் கோல் எடுத்திருக்கிறான். குசினியில் கிடந்த அது ஊமை. ஜப்பானின் போனுக்கு எடுத்திருக்கிறான். அது பிறவி ஊமை. ஜப்பானோ வீட்டு வளவில் போத்தல் லேபிள் உரித்துக்கொண்டிருந்தான். ரமணன் ஆம்புலன்சுக்கு அடித்தான்.

உயரமான ஒரு பெண்ணும் ஒரு இளம் பெடியனும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். பின்னாலேயே ஜப்பான் ஓடி வந்தான், இரண்டு சோடிச் செருப்போடு. அவர்களுக்கு முன் குனிந்து, சப்பாத்தைக் கழற்றி வீட்டுச் செருப்பைப் போடும்படி இங்கிலீஷில் கெஞ்சினான். அவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

சிரி என்றாள் அந்தப் பெண். நான் ஏன் சிரிக்க? இரண்டு கையையும் தூக்கு என்றாள். பெயர் சொல்லு என்றாள்.

"ஐ ஓகே! கம்பியூட்டர் நொட் ஓகே!" என்றேன்.

அவள் என் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றோம். அப்போது வீட்டு நடையில் இருந்த அலமாரிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல:

"அம்மா... அம்மா... ஐயோ, ஆராவது கதவைத் திறவுங்கோ..."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. என்னைப் பார்த்தாள், ஜப்பானைப் பார்த்தாள். உள்ளே யாரை வைத்திருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

"கோட்," என்றேன் நான், சாமியைத்தான்.

"அண்ட் புளூடூத்," என்றான் ஜப்பான். முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சந்தோசம். பிழை பிடிபட்டுவிட்டது! லப்டொப் தன் காதையும் வாயையும் சாமி அலமாரி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. அரை மணி நேரமாக என் மகன் பிள்ளையாரோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஜப்பான் அலமாரியைத் திறந்து, பிள்ளையாருக்கு முன் குனிந்து, "ரமணன் சார், அம்மா நல்லாருக்காங்க. தப்பு என்னோடது," என்றான்.

பிள்ளையாருக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "நாளைக்கு வாறன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன்."

ஆம்புலன்ஸ் பெண் போகும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை வீடு பளபளத்தது. கக்கூஸ் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஜப்பானின் பெட்டி கட்டி வாசலில் நின்றது. ரமணன் உள்ளே காலை வைத்ததும் ஜப்பான் முழங்காலில் விழுந்து நெற்றி நிலத்தில் முட்டக் கிடந்தான். ரமணன் கோயிலுக்குள் தவறி வந்தவன் மாதிரி ஓரடி பின்னுக்குப் போனான்.

"எழும்பும் தம்பி, எழும்பும். அம்மா, உடுப்பை எடுத்து வையுங்கோ. மத்தியானம் பிளைட்."

"முதல்ல சாப்பிடு," என்றேன்.

மூன்று பேரும் மேசையில் இருந்தோம். நான் என் குசினியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அழுவேன் என்று ரமணன் நினைத்தானோ தெரியாது. நான் அழுகிற ஆள் இல்லை.

"ரமணா, ஒரு கொஞ்ச நேரம் என்ர சத்தம் கேக்கேல்லை எண்டு ஆம்புலன்ஸ் கூப்பிட்டாய். நல்ல பிள்ளை," என்றேன். "உன்ர வீட்டில ஒரு மாதம் இருந்தன். நாள் முழுக்கக் கதைச்சனான். ஆளாளுக்குக் காதில இயர்போனைக் கொழுவிக்கொண்டு திரிஞ்சியள். அப்ப ஏன் ஒருத்தரும் ஆம்புலன்ஸ் கூப்பிடேல்லை?"

ஜப்பான் தலையை இன்னும் தாழ்த்தினான். ரமணன் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"அம்மா," என்றான், "கறி இன்னும் கொஞ்சம் வையுங்கோ."

என் வயிற்றில் பிறந்தவன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வைத்தேன்.

"ஆனால் ஒரு கண்டிசன்," என்று ஜப்பான் பக்கம் திரும்பினான். "அந்த லப்டொப்பில விண்டோஸைத் திருப்பிப் போடும்."

காலையில் நிலத்தில் நெற்றி முட்டக் கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சார், வேற எது வேணாலும் சொல்லுங்க. அதுக்கு நான் வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிடறேன்."

ரமணன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், தகப்பன் செத்த பிறகு நான் கேட்காத சிரிப்பு. "அம்மா, இவன் உங்களைவிடப் பிடிவாதக்காரன்."

"அதுதான் வைச்சிருக்கிறன்."

இரண்டு பேரும் லப்டொப்புக்கு முன் இருந்தார்கள். அந்த ஸ்பீக்கரைப் பிரிக்கப் போய் வைஃபை போனது. வைஃபையைத் திருத்தப் போய்த் திரை போனது. பிளைட்டும் போனது. பின்னேரம் அறைக்குள்ளிருந்து இரண்டு குரலில் கூச்சல் கேட்டது. ஏதோ எர்ரர் வந்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டு தேத்தண்ணி போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ரமணன் காதில் ஒன்றும் கொழுவாமல்தான் இருந்து கதைக்கிறான். மருமகளும் பின்னால் வந்து நிற்கிறாள்.

ஜப்பான் படிப்பு முடித்து, வேலை கிடைத்து, உண்மையான ஜப்பானுக்கே போய்விட்டான். முன்னறையில் இப்போது வேறொரு பிள்ளை. நல்ல ஒழுங்கு. பால் பெட்டியை அப்படியே எறிகிறது. ஒரு கரைச்சலும் இல்லை.

போன மாதம் ஜப்பான் கோல் எடுத்திருந்தான். அங்கே ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருக்கிறானாம். சாப்பாடும் அவதான் தருகிறாவாம். அவவின் பழைய கம்பியூட்டரைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம், பென்குயினைப் போட்டுவிட்டானாம். இப்போது சத்தம் வரவில்லையாம், அந்த அம்மா நாள் முழுக்க அவனை ஏசுகிறாவாம்.

"பாவம் அந்த மனிசி," என்று சிவமணியிடம் சொன்னேன்.

சொன்னேனே தவிர, அந்த மனிசியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.