கோல் விழுந்த நேரம்

பன்னிரண்டாம் நிமிடத்தில் எதிரணி கோல் போட்டபோது, தர்மராஜ் கேமராவில் வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால் வலை ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற வலையை அருமையாகப் படம் எடுத்தான். முடிச்சுகளைக்கூட எண்ணிப் பார்க்கலாம்.

"பந்து எங்க தம்பி?" என்று எட்டிப் பார்த்தாள் மங்கம்மா. திடலோரக் கூடாரத்தில் தேநீர் கலக்குகிறவள் அவள்தான்.

"உள்ள போயிருச்சுக்கா."

"அது எனக்கும் தெரியும்லா. படத்துல எங்க?"

செண்டாயான் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் திருகாணிகளை அளந்து தரம் பார்ப்பது தர்மராஜின் வேலை. முடியளவு வித்தியாசத்தைக்கூட கண்டுபிடித்துவிடுவான். கேமராவையும் அப்படித்தான் கரைத்துக் குடித்திருந்தான். நேரம் மட்டும்தான் அவனுக்கு ஒத்துவராது. மகளின் பிறந்தநாள் படங்களில் மெழுகுத்திரி எரிந்ததே இல்லை, புகைதான் இருக்கும். "புகைக்கு ஒரு ஆல்பம் போடுங்க" என்பாள் மனைவி குமுதவல்லி.

மம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் சுழற்கிண்ணப் போட்டிக்கு அவன் படம் எடுப்பது இது நான்காவது வருடம். முந்தைய மூன்று வருடமும் கிண்ணம் தோட்டத்துக்கே வந்தது. மூன்று வெற்றிக் கோலில் ஒன்றுகூட அவன் கேமராவுக்குள் வரவில்லை. தோட்ட மன்றத்துச் சுவரில் அவன் எடுத்த கோல் படம் ஒன்று தொங்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

தோட்ட அணித்தலைவர் சந்திரனுக்குத்தான் எத்தனை பெரிய மனசு! ஒவ்வொரு வருடமும் ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு நேராக இவனிடம்தான் ஓடி வருவார்.

"கோல் படம் விழுந்துச்சா தர்மா?"

"இல்லண்ணே. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

"பரவால்லலா!" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார். "அடுத்த வருஷமும் நீதான்."

இந்த வருடம் தர்மராஜுக்கே கூச்சமாகிவிட்டது. "அண்ணே, பாரோய் ஊர் ரியான் கைப்பேசியிலயே நல்லா எடுப்பானே, அவனக் கூப்பிடலாமே?" என்றான்.

"அவனுக்கு டைமிங் மட்டுந்தான் இருக்கு," என்றார் சந்திரன். "டெக்னிக் ஒனக்குத்தான் இருக்கு. நமக்கு டெக்னிக்தான் முக்கியம்."

அந்த வார்த்தைக்காகவே சம்பளத்தைச் சேர்த்து ஒரு நீள லென்ஸ் வாங்கியிருந்தான்.

முதல் கோலைத் தவறவிட்டதும், நொடிக்கு இருபது படம் எடுக்கும்படி கேமராவை மாற்றினான். இனி எதுவும் தப்பாது. கோல்கீப்பர் காலணிக் கயிறு கட்டினார். அதில் நானூறு படம் விழுந்தது. நடுவர் மூக்கைச் சொறிந்தார். அதில் இருநூறு. நம் பையன் ஒருவன் தலையால் முட்டி ஒன்றுக்கு ஒன்று ஆக்கியபோது, மெமரி கார்டு நிறைந்துவிட்டதாகக் கேமரா அறிவித்தது.

"இப்ப விழுந்துச்சா?" என்று மறுபடி எட்டிப் பார்த்தாள் மங்கம்மா.

"நடுவர் மூக்கு விழுந்துச்சுக்கா."

உட்கார்ந்து படங்களை அழித்தான். கை நடுக்கம்தான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. இரண்டாம் பாதிக்குக் கேமரா முக்காலியைக் கொண்டுவந்து, எதிரணிக் கோலுக்கு நேராக நிறுத்தி, ஒவ்வொரு காலாக மட்டம் பார்த்தான். தரை சாய்வு. ஒரு காலைக் குட்டையாக்கினால் அடுத்தது நெட்டையானது. மண்ணைக் கொஞ்சம் கிளறினான். மட்டம் சரியாக வந்தபோது ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருந்தது. நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான்.

அப்போது எதிரணிப் பின்வரிசைக்காரர் உதைத்த பந்து கோட்டைத் தாண்டி வந்து, முக்காலியின் காலில் பட்டது.

கேமரா குப்புற விழுந்தது. தர்மராஜுக்கு உயிரே போய்விட்டது. மண்ணில் மண்டியிட்டு அதை எடுத்தான். திருகுகளெல்லாம் எங்கெங்கோ திரும்பிக் கிடந்தன. எதிரே கார்னர் உதை நடந்துகொண்டிருந்ததை அவன் பார்க்கவே இல்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க, பொத்தானை ஒரே ஒரு முறை அமுக்கினான்.

திடல் முழுக்கக் கூச்சல். கோல்! இரண்டுக்கு ஒன்று. சந்திரன்தான் போட்டார். விசிலும் ஊதியாகிவிட்டது.

வழக்கம்போல் தவறவிட்டோம் என்று நினைத்தபடி தர்மராஜ் கேமராத் திரையைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் அவன் கட்டைவிரல். ஆனால் நடுவில், வலைக்கு முன்னால், அந்தரத்தில் சந்திரன். அவரோடு பந்து. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்திரன் ஓடி வந்தார். "விழுந்துச்சா தர்மா?" கட்டிப்பிடிக்கக் கைகளை ஏற்கெனவே விரித்திருந்தார்.

"விழுந்துச்சுண்ணே!"

விரித்த கைகள் அப்படியே நின்றன. "எது விழுந்துச்சு?"

"கோல்தான்! பாருங்க!"

சந்திரன் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பரிசு மேசையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். எதிரணிக்காரர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்றும் பார்த்தார்.

"சாஞ்சிருக்கே தர்மா," என்றார் மெல்ல. "ஒன் டெக்னிக்குக்கு இது அழகா? அழிச்சிருலா."

"அண்ணே, டெக்னிக் கெடக்குது. டைமிங்கப் பாருங்க! சுவத்துல பெருசா மாட்டணும்!"

தேநீர்க் குவளைகளோடு வந்த மங்கம்மா, இருவருக்கும் நடுவே தலையை நீட்டித் திரையைப் பார்த்தாள். படத்திலிருந்த சந்திரனின் கையை விரலால் தொட்டுக் காட்டினாள். அந்தக் கை பந்தை வலைக்குள் குத்திக்கொண்டிருந்தது.

"நாலு வருசத்துக்கு முன்ன பாரோய் ரியானும் இதே கையத்தான் படம் புடிச்சு, வந்த கிண்ணமும் திரும்பிப் போச்சு," என்றாள் அவள். "அதுக்கப்புறந்தானே தம்பி, தேடிப் புடிச்சு ஒன்னையக் கூட்டியாந்தாங்க!"