செம்பைத் தவிர எல்லாம் தாங்கும்

‘தாங்கும்’ என்று சொல்கிறவர்கள் ஒரு தனி இனம். உலகமெங்கும் பரவியிருக்கிறார்கள். நாற்காலி மேல் நாற்காலி போட்டு, அதன் மேல் உங்களை ஏற்றி, பல்பு மாற்றச் சொல்லிவிட்டுக் கீழே நின்று தைரியம் கொடுப்பாரே, அவர்தான். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். தாங்க வேண்டியது எப்போதும் வேறொருவராக இருக்கும்.

அல்மாட்டி நகரத்தில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் பெக்தாஸ் இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி. லிஃப்ட் பரிசோதிப்பது அவர் வேலை. கயிறு முனகினாலும், கதவு பாதியில் நின்று யோசித்தாலும், சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு ‘தாங்கும்’ என்று கையெழுத்துப் போடுவார். பிறகு படியில் ஏறிப் போவார். நடப்பது இதயத்துக்கு நல்லதாம். தேநீர் ஆறிவிட்டால் அவருக்குத் தாங்காது. ஜன்னல் ஒரு விரல் திறந்திருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். மற்றபடி உலகத்தில் எல்லாம் தாங்கும்.

மகள் தோல்கினுக்குக் காதணி போட மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. காதணி ஏறிவிட்டால் பெண் அந்த வீட்டுக்கு என்று ஆகிவிடும். வருகிறவர்கள் ஆடு, குதிரை, இரண்டு வீடு என்று இருப்பவர்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றைக் காட்டியாக வேண்டும். பெக்தாஸ் யோசித்தார். எந்தப் பக்கம் போனாலும் உருப்படியான கடலைப் பார்க்க நாள்கணக்கில் ரயிலில் உட்கார வேண்டிய ஊர் இது. வீட்டுக்குள்ளேயே கடலை வைத்துவிட்டால்?

உப்புநீர்த் தொட்டி வந்தது. மீன்கள் வந்தன. போயின. மீன் என்கிற ஜாதியே சரியில்லை என்று முடிவுகட்டி, இறால் வாங்கச் சந்தைக்குப் போனார்.

தொட்டிக் கடையில் கலாம்பிர் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“தங்கச்சி, எது சாகாது?”

“சாகாததுன்னா பிளாஸ்டிக்ல இருக்குண்ணே. எதிர்க்கடை.”

“கேலி பண்ணாத. வீட்டுக்குச் சம்பந்தி வராங்க. கெட்டியானதா ஒண்ணு குடு. இதோ, இந்தக் கொடுக்குக்காரன் எப்படி?”

“வரி வரியா இருக்கானே, அவனா? நல்ல கெட்டி. ஆனா கூட இன்னொருத்தன விட்டா அடிச்சே தின்னுடுவான். தனியா இருந்தா ராஜா.”

“என் மச்சான் மாதிரி. வேணாம். இது?”

“அது பொறுமைசாலி. பகல்ல வெளிய தலைகாட்டாது. சம்பந்திக்கு நீங்க பாறையத்தான் காட்டணும்.”

அவள் மூன்றாவது தொட்டிக்குள் கையை விட்டாள். முதுகில் சிவப்பும் நடுவில் வெள்ளைக் கோடுமாக ஒரு இறால், நீண்ட வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டு வந்து அவள் விரல் மேல் ஏறியது. நகத்திடுக்கில் அழுக்கெடுக்க ஆரம்பித்தது.

பெக்தாஸுக்கு வாய் மூடவில்லை. “இது தாங்குமா?”

“இருக்கிறதுலயே இதான் தாங்கும். ஆனா தொட்டியில சட்டுனு கொட்டிடாதீங்க. சொட்டுச் சொட்டா தண்ணி கலந்து பழக்கணும். உப்பு ஏறி எறங்கக் கூடாது. செம்பு மட்டும் ஆகவே ஆகாது. மீன் மருந்துல இருக்கும், பித்தளைல இருக்கும், பாத்து...”

“தாங்கும்னு சொல்லிட்டேல்ல? கட்டு.”

இந்த இனத்தின் காது அப்படி. ‘ஆனா’ என்ற சொல் வந்ததும் கடையை மூடிவிடும்.

வீட்டுக்கு வந்து பையோடு கவிழ்த்தார். இறால் மணலில் மல்லாந்து கிடந்தது. வெகுநேரம் கழித்துக் காலை உதறிக்கொண்டு எழுந்து நடந்தது. “பாத்தியா!” என்றார் மனைவி ராவ்ஷனிடம். அதுதான் இறால் செய்த தப்பு. இவர்களிடம் ஒரு தடவை பிழைத்துவிடக் கூடாது. பிழைத்தால் அடுத்த சுமை தயார்.

குளிர்காலம். சூடேற்றும் குழாய்கள் அறையை வறுத்தெடுத்தன. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைய, உப்பு மட்டும் தங்கி ஏறியது. ராவ்ஷன் கண்ணாடியில் ஒரு பட்டியை ஒட்டி, தினமும் காலையில் அந்தக் கோடு வரைக்கும் நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனாள். பெக்தாஸ் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்: “எவ்ளோ கெட்டி பாருங்க. இது வந்ததுலேர்ந்து தண்ணிகூட குறையல.”

ஒருநாள் இறால் செத்துக் கிடந்தது. மீசை, கால், கண் உட்பட. பெக்தாஸ் உடைந்துபோனார். பிணத்தைத் தேநீர்த் தட்டில் எடுத்துக்கொண்டு சந்தைக்கே போனார். “தாங்கும்னு சொன்னியே!”

கலாம்பிர் விரலால் தொட்டுப் பார்த்தாள். காகிதம் மாதிரி நசுங்கியது. “அண்ணே, இது வெறும் ஓடு. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போட்டிருக்கு. ஆளு பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும், நாலு நாள் வெளிய வராது. போங்க.”

இருந்தது. அன்றைக்கு பெக்தாஸ் ஒரு தத்துவம் கற்றுக்கொண்டார். கிடப்பதெல்லாம் ஓடு. ஆள் எங்கேயும் போவதில்லை.

சம்பந்திகள் வந்தார்கள். குதிரைக்கறி, பொரித்த மாவு உருண்டை, தேநீர். பெக்தாஸ் தொட்டி மூடியைத் திறந்து வைத்து ஒவ்வொருவர் கையையும் உள்ளே விடச் சொன்னார். இறால் விருந்தினர் நகத்திலிருந்த குதிரைக் கொழுப்பை மரியாதையோடு அகற்றியது. மாப்பிள்ளையின் தாய் ஸரிபா விரலைத் துடைத்துக்கொண்டு, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தோல்கினைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

“சம்பந்தி, எங்க வீட்ல பதினோரு பேரு. மாமனாருக்குப் படுக்கையிலயே எல்லாம் செய்யணும். மாடு ரெண்டு இருக்கு. பொண்ணு காலேஜ் கீலேஜ்னு வளந்தது. தாங்குமா?”

தோல்கினின் கையில் கிண்ணம் நின்றது. ராவ்ஷன், “அவளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு...” என்று ஆரம்பித்தாள்.

“தாங்குவா,” என்றார் பெக்தாஸ். “எதப் போட்டாலும் தாங்குவா. அவங்க அம்மா மாதிரி.”

இறால் விற்றவள்கூட எது ஆகாது என்று சொல்லித்தான் விற்றாள்.

ஸரிபா எழுந்து தோல்கினின் காதில் காதணியைப் போட்டாள். நல்ல காரியம் முடிந்தால் மிட்டாயும் காசும் இறைக்க வேண்டுமே. இரண்டு கையாலும் அள்ளி உயர வீசினாள். குழந்தைகள் தரையில் பாய்ந்து பொறுக்கினார்கள். அள்ளியதில் பாதி, திறந்திருந்த தொட்டிக்குள் விழுந்தது. மிட்டாய் மிதந்தது. மஞ்சள் பித்தளைக் காசுகள் மணலில் படுத்தன. இறால் ஒரு காசின் மேல் ஏறி நின்று அதற்கும் அழுக்கெடுக்கத் தொடங்கியது.

ராவ்ஷன் பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டினாள். பெக்தாஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சிரித்த முகம் மாறாமல், பல்லுக்குள்ளே சொன்னார்: “விடு. அவங்க வாழ்த்திப் போட்டத, அவங்க எதிர்லயே தூக்கிப் போடுவியா? தாங்கும்.”

“செம்பு ஆகாதுங்க.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்க, அந்தப் பொண்ணு ஏதோ செம்பு கிம்புன்னு உளறுச்சுன்னு.”

“தாங்கும்னேன்.”

தோல்கின் தொட்டியைப் பார்க்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை பெக்தாஸ் நிதானமாக எழுந்து வந்தார். காசுகளுக்கு நடுவே இறால் பக்கவாட்டில் கிடந்தது. அவர் பதறவில்லை. இப்போது அனுபவசாலி.

“ராவ்ஷன்! ஓடு கழட்டியிருக்கு, வந்து பாரு!”

பதில் இல்லை. கதவருகே கொக்கியில் ராவ்ஷனின் வீட்டு அங்கி தொங்கியது. பக்கத்துக் கொக்கியில் தோல்கினுடையது. மேஜை மேல், சந்தைக்குப் போய்வந்த அதே தேநீர்த் தட்டில், இரண்டு காதணிகள். தராஸ் ஊரில் ராவ்ஷனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அந்த ஊருக்குக் காலையில் ஒரு ரயிலும் இருக்கிறது.

பெக்தாஸ் அங்கிகளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். போன் அடித்தது.

“சம்பந்தி, மருமகட்ட ஒரு வார்த்த பேசலாமா?” ஸரிபாதான்.

“இருக்கா, இங்கதான் இருக்கா,” என்றார். “இப்ப வெளிய வரமாட்டா. நாலு நாள் போகட்டும்.”

நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாறைக்குப் பின்னால் ஏதாவது அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். நாலு நாளும் போனது. தண்ணீர் பட்டிக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கிறது. நல்ல கெட்டியான இறாலாக இருந்தும் இப்போது ஏன் குறைகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அந்த இனம் இல்லை. தெரியும். உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை, எதைச் சொன்னாலும் செய்கிறார்கள். நல்லது. எதற்கும் ஒரு நடை எழுந்து போய் உங்கள் வீட்டுக் கொக்கியைப் பார்த்துவிட்டு வாருங்கள். துணி தொங்கினால் மட்டும் போதாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.